கடல் எழுதிய கல்வெட்டு

நிலத்தில் மிகுதியாக உள்ள பொருள் கடலிலும் மிகுதியாக இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. மழை மலையை அரிக்கிறது. ஆறு அவ்வரிந்த பொருளைச் சுமந்து செல்கிறது. கடல் அதனை ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறாயின் மண்ணில் உள்ளவை யாவும் அதே அளவுப்படி கடல்நீரிலும் காணப்படுதல் வேண்டுமன்றோ? உண்மை அதற்கு மாறாக உள்ளது. நாம் நிற்கும் நிலத்தின் மேலோட்டில் நூற்றில் ஏறத்தாழ ஐந்து பங்கு இரும்பு. மாலிப்டினம் என்னும் உலோகமோ பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ ஒரு பங்கே உள்ளது. ஆயினும், நடுக்கடலில் ஆயிரம் லிட்டர் நீரை முகந்து ஆராய்ந்தால், அதில் கரைந்துள்ள மாலிப்டினம் ஏறத்தாழ 10 மில்லிகிராம் இருக்கும். இரும்போ ஒரு மில்லிகிராமில் நூற்றில் சில பங்கே இருக்கும். நிலத்தில் செல்வனாக விளங்கும் இரும்பு கடலில் வறியனாகிவிடுகிறது. நிலத்தில் எவரும் அறியாத மாலிப்டினம் அங்கே செல்வனாகிவிடுகிறது.

இம்மாற்றத்தைச் செய்வது யாது? நாம் ஒவ்வொரு நொடியும் உள்ளிழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்காக உள்ள உயிர்வளியே, அதாவது ஆக்சிஜனே, இதனைச் செய்கிறது. மழையில் நனைந்த ஆணி துருப்பிடிப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். துரு என்பது இரும்பும் உயிர்வளியும் கூடிய பொருள். அது நீரில் கரைவதில்லை. ஆதலின் ஆற்றின் வழியே செல்லும் இரும்பு, உயிர்வளி நிறைந்த நீரில் துருவாகி, மண்ணோடு மண்ணாகப் படிந்துவிடுகிறது. மாலிப்டினத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. பாறைகளில் அது பெரும்பாலும் கந்தகத்தோடு கூடிய கனிமங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும். உயிர்வளி அக்கனிமங்களைத் தாக்கி உடைத்தால்தான் மாலிப்டினம் விடுதலை பெறும். அவ்வாறு விடுதலை பெற்றதும் அதுவும் உயிர்வளியோடு சேர்ந்துகொள்ளும். ஆயின் துருவைப் போலப் படியாமல் நீரில் நன்கு கரைந்துவிடும். ஒரே வளி ஒன்றைக் கடலினின்றும் விலக்குகிறது. மற்றொன்றைக் கடலுக்குக் கூட்டி வருகிறது.

இவ்வளவில் நின்றால் இது வேதிநூலில் ஒரு சிறு செய்தியாகவே இருக்கும். ஆனால், நிலநூலார் இதனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தனர். காற்றில் உயிர்வளி இருப்பதால் கடலில் மாலிப்டினம் உள்ளது என்றால், பண்டைக் கடலில் மாலிப்டினம் எவ்வளவு இருந்தது என்பதை அறிந்தால், பண்டைக் காற்றில் உயிர்வளி இருந்ததா என்பதையும் அறியலாமன்றோ? வினா எளிது. ஆனால் பண்டைக் கடல்நீரை எங்கே தேடுவது? நேற்றைய கடல்நீர் இன்று முகிலாகிவிட்டது. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடல்நீரைக் குடுவையில் அடைத்து வைத்தவர் யாருமில்லர்.

நீர் இல்லை, ஆயினும் அந்நீர் விட்டுச் சென்ற சேறு இருக்கிறது. கடலின் அடியில் இடைவிடாமல் சேறு படிந்துகொண்டே இருக்கிறது. ஆறுகள் கொணரும் நுண்ணிய களிமண்ணும், நீரில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் எச்சமும் சேர்ந்து சிறுகச் சிறுக அடுக்காகின்றன. மேலே படியும் சேற்றின் சுமை கீழுள்ள சேற்றை அழுத்துகிறது. நீர் பிழியப்பட்டு, சேறு இறுகி, நெடுங்காலத்தில் தகடு தகடாகப் பிளக்கும் பாறையாகிறது. இதனைக் களிப்பாறை என்றும் ஷேல் என்றும் கூறுவர். உயிர்களின் எச்சமாகிய கரிப்பொருள் மிகுதியாக இருந்தால் அப்பாறை கறுத்துத் தோன்றும். அக்கருங்களிப்பாறையே நமக்கு வேண்டிய ஏடு.

கறுத்த பாறையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதற்கு விடை காணக் கருங்கடலுக்குச் செல்ல வேண்டும். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே கிடக்கும் அக்கடல் ஈராயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அதன் மேற்பரப்பில் மீன்கள் துள்ளுகின்றன, படகுகள் ஓடுகின்றன. ஆனால் ஏறத்தாழ நூறு அல்லது நூற்றைம்பது மீட்டருக்குக் கீழே உயிர்வளி அறவே இல்லை. அதற்குப் பதிலாக அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு அங்கே நிறைந்துள்ளது. மீனும் நண்டும் அங்கே வாழ இயலா. உயிர்வளியுள்ள நீரில் அமைதியாகக் கரைந்திருந்த மாலிப்டினம் இந்த நாற்றநீரை அடைந்தவுடன் தன் இயல்பு மாறுகிறது. உயிர்வளியைக் கைவிட்டுக் கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. கந்தகம் பற்றிய மாலிப்டினம் எதிர்ப்படும் கரிப்பொருளிலெல்லாம் எளிதில் ஒட்டிக்கொண்டு, அதனுடன் சேற்றில் இறங்கிவிடுகிறது. ஆகவே கருஞ்சேறு ஒரு வலையைப் போன்றது. கடலில் மீன் மிகுந்திருந்தால் வலையிலும் மிகுதியாக அகப்படும். கடலில் மீன் இல்லையேல் வலை வெறுமையாக மேலே வரும்.

ஓரிடத்துச் சேற்றைக் கொண்டு உலகக் கடல் முழுவதையும் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் எழலாம். பேசலாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சேலஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்து, பல இடங்களில் நீரை முகந்து கொணர்ந்தது. அவற்றுள் 77 மாதிரிகளை டிட்மார் என்னும் வேதிநூல் அறிஞர் பொறுமையோடு பகுத்தாராய்ந்து, 1884-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். உப்பின் அளவு இடத்துக்கு இடம் சிறிது கூடினும் குறையினும், அதிலுள்ள முதன்மையான பொருள்கள் ஒன்றுக்கொன்று கொண்ட விகிதம் எங்கும் மாறவில்லை என்பது அவர் கண்ட உண்மை. கடல்நீர் முழுவதும் ஒருமுறை கலந்து முடிய ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு போதும். ஆனால், கடலை அடைந்த மாலிப்டினம் சேற்றில் இறங்குவதற்கு முன் சில இலட்சம் ஆண்டுகள் நீரிலேயே உலவுகிறது. அதற்குள் அது பன்முறை உலகைச் சுற்றி வந்துவிடும். எனவே மாலிப்டினமும் எல்லாக் கடல்களிலும் ஏறத்தாழ ஒரே அளவாகப் பரவியிருக்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கருங்கடல் ஏறக்குறைய நாற்புறமும் மூடிய கடல். ஒடுங்கிய நீரிணை ஒன்றின் வழியாகவே அது வெளிக்கடலோடு தொடர்பு கொண்டுள்ளது. அதன் ஆழத்தில் உள்ள மாலிப்டினத்தின் பெரும்பகுதியைச் சேறு முன்னரே பற்றிக்கொண்டுவிட்டது; புதிதாக வருவதும் குறைவு. வெனிசுவேலா நாட்டுக் கரைக்கு அப்பால் கரியாக்கோ என்னும் கடற்பள்ளம் உள்ளது. அங்கும் ஆழத்தில் உயிர்வளி இல்லை. ஆயின் வெளிக்கடல் நீர் அங்கே தாராளமாக வந்து போகிறது. இரண்டு இடத்துச் சேற்றிலும் ஒரே அளவு கரிப்பொருளை எடுத்துக்கொண்டு பார்த்தால், கருங்கடலில் உள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான மாலிப்டினம் கரியாக்கோச் சேற்றில் உள்ளது. வலையில் மீன் குறைந்ததற்குக் கடலில் மீன் இல்லாமை ஒரு காரணமாகலாம். குளத்தில் வலை வீசியதும் ஒரு காரணமாகலாம். இதனை மறந்து ஒரே பாறையைக் கொண்டு முடிவு கூறுவோர் ஏமாந்துபோவர். ஆதலின் அறிஞர்கள் மாலிப்டினத்தின் அளவைத் தனியே கூறாமல், கரிப்பொருளுக்கு எவ்வளவு மாலிப்டினம் என்ற விகிதமாகக் கணக்கிட்டு, பல நாட்டுப் பாறைகளை ஒருங்கு வைத்து ஒப்பிடுகின்றனர்.

இம்முறையில் உலகின் பல பகுதிகளிலும் உள்ள பல காலத்துக் கருங்களிப்பாறைகளை ஆராய்ந்து, 2008-ஆம் ஆண்டில் ஒரு குழுவினர் வெளியிட்ட வரலாறு வியப்பளிப்பது. பூமி தோன்றி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆயின. அவ்வாழ்நாளின் முதற்பாதியில் படிந்த களிப்பாறைகளில் மாலிப்டினம் சாதாரண மண்ணில் உள்ள அளவே இருக்கிறது; வலையில் ஏதும் அகப்படவில்லை என்பதே இதன் பொருள். ஏறத்தாழ 215 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலிருந்து அதன் அளவு ஓரளவு உயர்கிறது. பின்னர் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய ஏற்றமின்றி அந்நிலையிலேயே நிற்கிறது. 66 கோடி ஆண்டுகளுக்கும் 55 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மீண்டும் உயர்ந்து, பத்து இலட்சம் பங்கில் நூறு பங்குக்கும் மேலாகச் சில பாறைகளில் காணப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் உடலுடைய விலங்குகளின் சுவடுகள் பாறைகளில் தோன்றத் தொடங்குவதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான்.

இந்நெடிய தேக்கநிலையைப் பற்றிச் சிறிது நின்று எண்ணுதல் தகும். மாலிப்டினம் வெறும் சாட்சி மட்டுமன்று. அது உயிர்களுக்கு உணவும் ஆகும். உளுந்து, பயறு, நிலக்கடலை முதலியவற்றின் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஏற்ற உணவாக்குகின்றன. அவ்வேலையைச் செய்யும் நொதியின் நடுவே மாலிப்டினம் அமர்ந்துள்ளது. தென் ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலம் ஒன்றில் தீவனச் செடி எவ்வளவு உரமிட்டும் செழிக்காதிருந்தது. அம்மண்ணில் மாலிப்டினம் போதாமையே காரணம் என்பதை ஆண்டர்சன் என்னும் அறிஞர் 1942-ஆம் ஆண்டில் கண்டு கூறினார். மிகச் சிறிய அளவு மாலிப்டினத்தைத் தூவியதும் நிலம் பசுமையுற்றது. ஒரு வயலுக்கு நேர்ந்த குறை உலகக் கடல் முழுவதற்கும் நேர்ந்திருக்குமாயின் என்னாகும்? கடல்வாழ் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் உணவு குறைந்திருக்கும்; வளர்ச்சி தடைப்பட்டிருக்கும். பாசிகளிலும் விலங்குகளிலும் மேம்பட்ட வகைகள் தோன்றுவதற்கு நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று சில அறிஞர் கருதுகின்றனர். இக்கருத்து இன்னும் முடிந்த முடிபு ஆகவில்லை. எனினும், கோடிக்கணக்கான ஆண்டுகளின் உயிர் வரலாறு ஆயிரம் லிட்டர் நீரில் சில மில்லிகிராம் உலோகத்தைச் சார்ந்து நின்றிருக்கக்கூடும் என்று எண்ணும்போது மனம் சற்றே திகைக்கிறது.

மாலிப்டினம் கூறும் கதைக்குப் பிற பொருள்களும் சான்று பகர்கின்றன. தென் ஆப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்டு என்னும் பகுதி பொன் விளையும் பகுதியாக உலகறிந்தது. பொன் கிடைக்கும் அக்கூழாங்கற் பாறைகள் 280 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஆறுகளால் குவிக்கப்பட்டவை. அவற்றில் பைரைட்டு என்னும் இரும்புக் கந்தகக் கனிமமும் யுரேனியக் கனிமமும் உருண்டு தேய்ந்த மணிகளாகக் காணப்படுகின்றன. இன்றைய ஆற்றில் இவை நெடுந்தொலைவு உருள இயலா. உயிர்வளி அவற்றைச் சிதைத்துவிடும். அக்காலத்து ஆற்றில் அவை மணலோடு மணலாக உருண்டு தேய்ந்தன என்றால், அன்றைய காற்றில் உயிர்வளி இருந்திருக்க முடியாது.

இரும்புக்கும் அக்கடலில் வேறு வாழ்வு இருந்தது. உயிர்வளி இன்மையால் அது துருவாகாமல் நீரில் கரைந்து எங்கும் நிறைந்திருந்தது. அவ்விரும்பு அவ்வப்போது படிந்து உண்டானவையே இரும்புப் பட்டைப் பாறைகள். இரும்பு ஒரு பட்டை, மணற்சத்து ஒரு பட்டை என மாறி மாறி அடுக்கிய இப்பாறைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. நம் சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புக் கல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்விரும்புப் பட்டைகள் நிக்கல் உலோகத்தைப் பற்றியும் ஒரு செய்தி கூறுகின்றன. இரும்பு படியும்போது நீரிலிருந்த நிக்கலும் அதனோடு ஒட்டிக்கொண்டு படிந்தது. அதனை அளந்த அறிஞர்கள், 270 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலில் இன்றுள்ளதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேலான நிக்கல் இருந்ததென்றும், அடுத்த இருபது கோடி ஆண்டுகளில் அது பாதியாகக் குறைந்ததென்றும் 2009-ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். பூமியின் உட்பகுதி சிறிது குளிர்ந்தமையால் நிக்கல் மிகுந்த எரிமலைக் குழம்பு வெளிவருவது குறைந்தது என்பது அவர்கள் கூறும் காரணம். மீத்தேன் வளியை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு நிக்கல் இன்றியமையாதது. நிக்கல் குறையவே அவை நலிந்தன, மீத்தேன் குறைந்தது, உயிர்வளிக்கு வழி விட்டது. இதுவும் ஒரு கருத்தே. ஆயினும் அழகிய கருத்து.

கஞ்சமலை நமக்கு அருகிலிருக்க, பழங்கடலை ஆராய்வோர் ஆஸ்திரேலியாவுக்குச் செல்வது ஏன் என்று வினவலாம். நம் நாட்டின் தென்பகுதிப் பழம்பாறைகள் பூமியின் ஆழத்தில் புதைந்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறி, பின்னர் மேலெழுந்தவை. சுட்ட பானையில் குயவன் கைரேகையைத் தேடுவது எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது அவற்றில் கடல்நீரின் நுண்ணிய அடையாளங்களைத் தேடுவது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஹாமர்ஸ்லி என்னும் மலைநாட்டில் உள்ள பாறைகளோ 250 கோடி ஆண்டுகள் கடந்தும் மிகுதியாகச் சூடேறாமல், ஏறத்தாழப் படிந்தபடியே கிடக்கின்றன. அங்கே இரும்புப் பட்டைப் பாறைக்கு அடியில் மக்ரே மலைக் களிப்பாறை என்னும் கருநிற அடுக்கு ஒன்று உண்டு.

அவ்வடுக்கை மேற்பரப்பில் உடைத்து எடுத்தால் பயனில்லை. இன்றைய மழையும் காற்றும் அதன்மேல் பட்டுக்கொண்டே இருக்கின்றன. அக்காற்றிலுள்ள உயிர்வளி பாறையிலுள்ள மாலிப்டினத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். பண்டை உயிர்வளியின் சுவட்டை இன்றைய உயிர்வளியே அழித்துவிடுகிறது என்பது வேடிக்கையன்றோ? ஆதலின் 2004-ஆம் ஆண்டில், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆதரவோடு, அங்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டனர். உட்குழலுடைய துரப்பணத்தால் பாறையைக் கரும்புத் துண்டு போன்ற உருளையாக அறுத்து மேலே கொணர்ந்தனர். பின்னர் ஒவ்வொரு துண்டையும் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அணுக்களை அவற்றின் எடைக்கேற்பப் பிரித்து எண்ணும் கருவியிற் செலுத்தினர்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏரியல் அன்பாரும் அவர்தம் குழுவினரும் இந்த ஆய்வின் முடிவை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உருளையின் கீழ்ப்பகுதியில் மாலிப்டினம் எதிர்பார்த்தவாறே மிகக் குறைவு. மேலே செல்லச் செல்ல அது ஏறி, ஓரிடத்தில் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 40 பங்கை எட்டியது. பின்னர் மீண்டும் இறங்கியது. ரீனியம் என்னும் மற்றோர் அரிய உலோகமும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கியது. காற்றில் உயிர்வளி நிலையாகப் பெருகியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே என்பது நிலநூலார் பலரும் ஒப்பிய கருத்து. இப்பாறையோ அதனினும் பத்துக் கோடி ஆண்டு மூத்தது. நீலப்பச்சைப் பாசிகள் ஒளியைக் கொண்டு உயிர்வளியை உமிழத் தொடங்கிவிட்டன. பெருவரவுக்கு முன்னர் ஒரு மெல்லிய மூச்சைப்போல அது சிறிது காலம் காற்றில் கலந்து, நிலத்துப் பாறைகளைத் தீண்டி, மாலிப்டினத்தை விடுவித்து, மறைந்தது. இவ்வாறு அவர்கள் அதனை விளக்கினர்.

ரீனியம் 1925-ஆம் ஆண்டில் செர்மனியில் கண்டறியப்பட்ட உலோகம். ரைன் ஆற்றின் பெயரால் வழங்குவது. அது இவ்வாய்வில் ஒரே சமயத்தில் இரண்டு பணிகளைச் செய்தது. மாலிப்டினத்தோடு சேர்ந்து சாட்சி கூறியதோடு, நாளும் குறித்துக் கொடுத்தது. ரீனியத்தின் ஒருவகை அணு மிக மெதுவாகச் சிதைந்து ஆஸ்மியமாக மாறும். உள்ளதிற் பாதி அவ்வாறு மாற ஏறத்தாழ 4,160 கோடி ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதினும் ஒன்பது மடங்கு நீண்ட இக்கடிகாரத்தைக் கொண்டு, எவ்வளவு ஆஸ்மியம் உண்டாகியுள்ளது என்று அளந்தபோது, பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்று வந்தது. அதில் உள்ள ஐயம் ஒரு கோடி ஆண்டினும் குறைவே.

இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. கோயிற் கல்வெட்டில் பிற்காலத்தார் சில வரிகளைச் செருகிவிடுவதுண்டு. எழுத்தின் வடிவைக் கொண்டு ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டுபிடிப்பர். அதுபோன்ற ஐயம் இப்பாறைமீதும் எழுந்தது. 2022-ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் அதே உருளைத் துண்டுகளை நுண்ணோக்கியின்கீழ் வைத்து மீண்டும் ஆராய்ந்தனர். அப்பாறையில் எரிமலைச் சாம்பல் கலந்துள்ளது. பாறை இறுகிய பின்னரும் அதனூடே நீர்மங்கள் பாய்ந்துள்ளன. மாலிப்டினம் அவ்வழியே வந்து சேர்ந்திருக்கலாம். ஆகவே உயிர்வளி இருந்ததாகக் கொள்ள வேண்டிய தேவையே இல்லை என்றனர். முதற்குழுவினர் 2023-ஆம் ஆண்டில் இதற்கு மறுமொழி கூறினர். உலோகங்கள் மிகப் பிற்காலத்தில் புகுந்திருந்தால், ரீனியக் கடிகாரம் அப்பிற்காலத்தையே காட்டியிருக்க வேண்டுமன்றோ? அதுவோ சேறு படிந்த காலத்தையே காட்டுகிறது. மற்றவர்கள் அவ்விளக்கத்தால் மனநிறைவு கொள்ளவில்லை. இரு திறத்தாரும் ஒரே கல்லைக் கண்டு, ஒரே எண்களை வைத்துக்கொண்டு வாதிடுகின்றனர். எண்களில் வேறுபாடில்லை, அவ்வெண்கள் எப்போது எழுதப்பட்டன என்பதிலேதான் வேறுபாடு.

இத்தகைய வழக்கில், அதே நாளை வேறோரிடத்தில் கண்ட சாட்சி கிடைத்தால் நன்று. தென் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ அதே காலத்துக் கடலோரத்தில் படிந்த களிப்பாறைகளும் துளையிட்டு எடுக்கப்பட்டுள்ளன. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி அவற்றிலும் ரீனியம் மிகுந்துள்ளது. ஆயின் மாலிப்டினம் அவ்வளவாக மிகவில்லை. இஃது முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் இவ்விரு உலோகங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாலிப்டினம் சேற்றில் இறங்குவதற்கு நாற்றமிக்க ஹைட்ரஜன் சல்பைடு வேண்டும். ரீனியத்துக்கு அது வேண்டுவதில்லை. சேற்றினுள்ளே உயிர்வளி தீர்ந்துபோனாலே அது இறங்கிவிடும். ஆகவே அங்கே கடலடி நீரில் சிறிதளவு உயிர்வளி இருந்தது, சேற்றுக்குள் அது தீர்ந்தது, ஹைட்ரஜன் சல்பைடு மட்டும் இல்லை என்று கொண்டால் இரு அளவுகளும் பொருந்திவிடுகின்றன. ஆஸ்திரேலியப் பாறை கூறுவதை இது மெய்ப்பிக்கிறது என்பார் உளர். தனித்தனியே ஆராய்ந்தே முடிவு கூற வேண்டும் என்பாரும் உளர். துளையிடும் பொறிகள் இன்னும் புதிய இடங்களில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கருநிற உருளைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து, மரப்பெட்டிகளில் வரிசையாக எண்ணிடப்பட்டு, அறுப்பவர் கைக்காகக் காத்திருக்கின்றன.